மன்னவனூர்க்காரியும் கொரியாக்காரியும்

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த செய்தியை முதலில் என் தங்கையிடம்தான் சொன்னேன். அவள் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது, போனில் ஒரே இரைச்சல்.

"என்ன வேலைக்கா?"

"ஈ.ஏ.எல். டீச்சர்."

"என்னது, ஈசலா? மழைக்கு வருமே, அதா?"

வீட்டில் வேறொரு மொழி பேசிவிட்டு, பள்ளியில் ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் வேலை என்று விளக்கினேன். கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். புரியாமல் முழிக்கிற பிள்ளை என் அறைக்கு வரும். அல்லது நான் போய் அதன் பக்கத்தில் உட்காருவேன்.

"அப்ப டியூசன் மிஸ்ஸு."

"இல்லடி."

"பக்கத்துல உக்காருவேங்கிற. அப்ப ஆயாவா?"

நான் போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் வருடம் நான் பார்த்த வேலைக்கு ஓர் ஆயாவை வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் நல்லது நடந்திருக்கும்.

அதற்கு முன் பழனியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பல வருடங்கள் ஆங்கில இலக்கணம் நடத்தியிருந்தேன். என் கையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். ஒரு பக்கத்தில் எத்தனை பிழை என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன் என்று சக ஆசிரியர்கள் பெருமையாகப் பேசுவார்கள், அல்லது பெருமையாகத்தான் பேசினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கணவருக்கு மின்வாரியத்தில் கொடைக்கானலுக்கு மாறுதல் வந்தது. நாயுடுபுரத்தில் இரண்டு அறை உள்ள வீடு பிடித்தோம். வீட்டில் சும்மா இருந்தால் குளிர் எலும்பில் ஏறிவிடும் போலிருந்ததால் வேலை தேடினேன். நேர்முகத் தேர்வில் பதற்றத்தில் 'ஸ்கூல்' என்பதை இரண்டு தடவை 'இஸ்கூல்' என்று சொல்லி, மூன்று தடவை திருத்திக்கொண்டேன். தன் பிழையைத் தானே திருத்தும் ஆசிரியர் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, வேலை கொடுத்துவிட்டார்கள்.

எனக்குத் தந்த அறை நூலகத்துக்கு அடுத்தது. முன்பு பந்து வலைகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஓர் அலமாரி, பல் கடிப்பது போல் சத்தம் போடும் ஒரு ஹீட்டர். ஜூலையில் அந்த அறைக்கு ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான், அப்படியே சொல்கிறேன்.

ஒருத்தி மன்னவனூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் மலை மேல் பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று பள்ளி ஒதுக்கிய சில இடங்களில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. அதுவரை தமிழ்வழியில் படித்தவள். இன்னொருத்தி கொரியாக்காரி. அவள் அப்பா சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். மகள் நன்றாக ஆங்கிலம் பேச வேண்டும் என்பதற்காகவே மலை மேல் விடுதியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இரண்டு பேரும் விடுதியில் ஒரே அறை. என் அறையிலும் ஒரே மேசை.

இவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் மட்டும்தான், ஆகவே வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்பது என் கணக்கு. என் வேலையை மேற்பார்வையிடும் ஒருங்கிணைப்பாளரும் அப்படியே நினைத்தார். வடக்கே ஏதோ மலை ஊரிலிருந்து வந்தவர்; எல்லோரும் மேடம் என்றே கூப்பிடுவோம். 'சரி', 'போதும்', 'சூடா' ஆகிய மூன்று தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு அவர் கொடைக்கானலில் ஆறு வருடம் ஓட்டியிருந்தார்.

கணக்கு முதல் மாதமே தப்பிப் போனது. கொரியாக்காரி தன் வீட்டுக்குப் போன் பேசியதை மன்னவனூர்க்காரி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். மறுநாள் என்னிடம் ஓடி வந்தாள்.

"மிஸ், இவ தமிழா மிஸ்?"

"யாரு சொன்னா?"

"அப்பாவ அப்பான்னுதான் மிஸ் கூப்புடுறா. அம்மாவ 'ஓம்மா'ங்கிறா. கொஞ்சம் வாய் கோணுது, மத்தபடி சரியாத்தான் சொல்றா. 'வா'ங்கிறதுக்கும் 'வா'ன்னுதான் மிஸ் சொல்றா!"

சில சொற்கள் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும், அதற்காகத் தமிழாகிவிடாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. எப்படியும் இவளுக்குள்ளே தமிழ் இருக்கிறது, கொஞ்சம் கிண்டினால் வந்துவிடும் என்ற முடிவோடு போய்விட்டாள்.

அவள் கிண்டினாள். நான் அங்கே படங்களைக் காட்டி 'ஆப்பிள்', 'அம்ப்ரெல்லா' என்று மன்றாடிக்கொண்டிருந்தபோது, இடைவேளைகளில் இவள் அவளுக்குச் 'சோறு', 'சட்டி', 'குளிருது', 'தள்ளி உக்காரு' என்று நடத்திக்கொண்டிருந்தாள். எழுதச் சொன்னால் இரண்டு பேரும் 'ஐ ரைஸ் ஈட்' என்றுதான் எழுதினார்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி காப்பியடிக்கிறாள் என்று எண்ணி இடம் மாற்றி உட்கார வைத்தேன். மாறவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், கொரிய மொழியிலும் வினைச்சொல் நம்மைப் போல வாக்கியத்தின் கடைசியில்தான் வருமாம். கொரியாக்காரிக்கு ஆங்கிலம் தலைகீழாக நின்றது. தமிழ் நேராக நின்றது. யாரால்தான் நேராக நிற்பதை விட்டுவிட்டுத் தலைகீழாக நிற்பதைப் படிக்க முடியும்?

ஒரு நாள் அவள் ஒரு தாளில் மூன்று படம் வரைந்து கொண்டுவந்தாள். ஒன்று நான், மூக்குக் கண்ணாடியோடு. இன்னொன்று மன்னவனூர்க்காரி. மூன்றாவது விடுதி வாசலில் படுத்திருக்கும் நாய். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'யூ' தானா என்று சைகையில் கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் மொழியில் பெரியவர்களோடு பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மரியாதை வால் ஒட்ட வேண்டும். அந்த வால் இல்லாமல் என்னிடம் பேச அவளுக்கு வாய் கூசியிருக்கிறது. மன்னவனூர்க்காரி அந்தச் சிக்கலை நொடியில் தீர்த்தாள்.

"'ங்க' போட்டுக்க. எல்லாத்துக்கும் 'ங்க' போட்டாச் சோலி முடிஞ்சிருச்சு."

அன்றிலிருந்து கொரியாக்காரியின் ஆங்கிலத்துக்கு மரியாதை வந்துவிட்டது. 'எஸ்-ங்க மிஸ்.' 'நோ-ங்க மிஸ்.' 'பென்சில் கிவ்-ங்க.'

செப்டம்பரில் மேடம் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். கதவைத் திறந்ததுமே கொரியாக்காரி எழுந்து, இடுப்பு வளைய வணங்கி, கணீரென்று சொன்னாள்: "ஏலே, கம்-ங்க மேடம்!"

மன்னவனூர்க்காரி தன் தம்பிகளைப் போனில் அதட்டும்போது முதலில் வரும் சொல் 'ஏலே'. அதை இவள் வணக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். மேடம் என்னைப் பார்த்து, அது என்ன மொழி என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் அன்பாக அழைக்கும் முறை என்று சொன்னேன். பொய் இல்லை, யாரை அப்படி அழைப்போம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'உற்சாகமான மாணவி, வருகிறவர்களை வரவேற்கிறாள்' என்று குறிப்பு எழுதினார்.

அடுத்த குறிப்பில்தான் எனக்கு அடி விழுந்தது. மன்னவனூர்க்காரி ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று எழுதியிருந்தார். உண்மை. என்னிடம் தமிழில் மட்டும் மூச்சு விடாமல் பேசுவாள். ஆங்கிலத்தில் கேட்டால் காலணியைப் பார்ப்பாள். எழுதுவாள், படிப்பாள், சொன்னதைச் செய்வாள். வாய் மட்டும் திறக்காது. புதிதாக ஒரு மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில மாதம் மௌனமாக இருப்பார்கள், அவசரப்படுத்தக் கூடாது என்று பயிற்சிக்குத் தந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழனியில் அதற்கு அடம் என்று பெயர். படம் காட்டினேன், மிட்டாய் கொடுத்தேன், என் குரலைப் பதிவு செய்து கேட்க வைத்தேன். என் குரலைக் கேட்டபோது அவள் இன்னும் ஆழமாகக் காலணிக்குள் போய்விட்டாள்.

ஆயுதபூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தவள் எனக்கு ஒரு துணிப்பை நிறையப் பூண்டு கொண்டுவந்தாள். மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்ததும் கொரியாக்காரி எழுந்து வந்தாள். பைக்குள் முகத்தை வைத்து ஆழமாக முகர்ந்தாள். நிமிர்ந்தபோது கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாசனையின் காரம்தான் காரணம் என்று நான் நினைத்தேன். மன்னவனூர்க்காரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அவ வீட்டு நெனப்பு வந்திருச்சு மிஸ். அவுக ஊர்ல இத வச்சு முட்டக்கோசுல ஒரு ஊறுகா போடுவாகளாம். செஞ்சு குடுப்போமா?"

செய்முறையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தேன். கோசு, உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி எல்லாம் விடுதிச் சமையலறையில் கிடைத்தன. இரண்டு பேரும் கையெல்லாம் சிவக்கப் பிசைந்து, ஒரு பெரிய ஊறுகாய் பாட்டிலில் அடைத்து, இறுக மூடி, என் அலமாரியில் அகராதிகளுக்குப் பின்னால் வைத்தார்கள். எழுதிக் கொடுத்த செய்முறையில் நான் பதினான்கு சிவப்பு வட்டம் போட்டேன்.

நான்காம் நாள் நூலகர் வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ செத்துக் கிடப்பது போல் நாறுகிறது என்றார். ஐந்தாம் நாள் காலை நான் மூடியைத் தொட்டதுதான் தாமதம். பாட்டில் உஸ்ஸென்று சீறி, சிவப்புச் சாறு என் அகராதியின் முதல் நூறு பக்கங்களைக் குளிப்பாட்டியது. ஓடிவந்த மன்னவனூர்க்காரி ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏ புள்ள, இது கெட்டுப்போயிருச்சு."

"கெடலங்க," என்றாள் கொரியாக்காரி பொறுமையாக. "இது இப்பிடித்தாங்க இருக்கும். ரெண்டு நாள் போனா இன்னும் நல்லா இருக்கும்ங்க."

அகராதியைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஒரு பிழை இல்லை. எதிர்மறை, எதிர்காலம், எல்லாம் அதனதன் இடத்தில். நான் கால் வருடத்துக்கு மேல் பாடுபட்டும் ஆங்கிலத்தில் 'இஸ்', 'ஆர்' பிடிபடாத பெண், யாரும் நடத்தாத தமிழை இப்படிப் பேசினாள்.

அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் அம்மாவுக்கு இல்லை. போன் பேசும்போது மகள் இடையில் திரும்பி யாரிடமோ ஏதோ மொழியில் சத்தம் போடுவதை அவர் கேட்டிருக்கிறார். அது ஆங்கிலம் அல்ல என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து மேடத்துக்கு ஓர் ஆங்கில மின்னஞ்சல் அனுப்பினார். 'என் மகள் தவறான மொழியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்' என்று அது தொடங்கியது. நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருவதாக முடிந்தது. நான் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மேடம் சொன்னார்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை பழனியில் என் தங்கை மகளுக்குக் காது குத்து. போகாமல் இருக்க முடியாது. திங்கள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் பள்ளியில் இருக்கலாம் என்று போனேன். அப்படியே பஸ்ஸும் பிடித்தேன். பாதி மலை ஏறியதும் பஸ் நின்றது. இராத்திரி பெய்த மழையில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து சாலையை அடைத்திருந்தது.

"மரம் குறுக்க விழுந்து கெடக்குங்க. அறுத்து எடுத்தாத்தான் போகலாம்," என்றார் கண்டக்டர்.

போனில் சிக்னல் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டிய பத்து ஆங்கில வாக்கியங்களை ஒரு தாளில் எழுதினேன். திருத்தினேன். மறுபடி எழுதினேன். அவர்கள் மரத்தை அறுத்து முடித்தபோது பத்து வாக்கியங்களும் குற்றமே சொல்ல முடியாதபடி இருந்தன, மணி மட்டும் பத்தேகால் ஆகியிருந்தது.

பள்ளிக்குள் நுழைந்தபோது நன்றாகவே நனைந்திருந்தேன். எங்கும் மின்சாரம் இல்லை. மேடத்தின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ஓர் எமர்ஜென்சி விளக்கு. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவள் உள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு அப்படியே நின்றேன். மன்னவனூர்க்காரியின் குரல். ஆங்கிலத்தில்.

"ஹெர் மதர் ஆஸ்கிங் மேடம், ஃபோர் மந்த்ஸ் ஓவர், ஒய் இங்கிலீஷ் நாட் கமிங்."

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. முந்தின நாளே மலை ஏறித் தங்கியிருந்த அந்த அம்மா சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டார். என்னைக் காணோம். டவர் வேலை செய்யவில்லை, ஆகவே மொழிபெயர்ப்புச் செயலியும் இல்லை. மேடம் மகளை வரவழைத்தார். மகளுக்கு அம்மாவைப் பார்த்ததும், தெரிந்த நாலு வரி ஆங்கிலமும் மறந்துவிட்டது. விருட்டென்று வெளியே ஓடி, வகுப்பிலிருந்து மன்னவனூர்க்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்துவிட்டாள். அம்மா கொரிய மொழியில் சொல்வதை மகள் தமிழில் சொல்வாள். மன்னவனூர்க்காரி அதை ஆங்கிலத்தில் மேடத்திடம் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பிப் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேலாக இந்தப் போக்குவரத்துதான் நடந்துகொண்டிருந்தது.

மேடம் நீளமாகப் பதில் சொன்னார். ஒரு மொழி முளைக்க நேரம் ஆகும், ஒரு மொழியைத் தானாகப் பிடித்த பிள்ளைக்கு அடுத்ததும் வரும், பயப்பட வேண்டாம் என்று ஐந்தாறு நிமிடம். மன்னவனூர்க்காரி கவனமாகக் கேட்டுவிட்டுத் தோழி பக்கம் திரும்பினாள்.

"மேடம் அவசரப்படாதீங்கன்னு சொல்றாக."

மேடத்துக்கு நீளத்தில் சந்தேகம் வந்துவிட்டது. தான் அதைவிட நிறையச் சொன்னதாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"எஸ் மேடம். பட் மெயின் பாயிண்ட் தட் ஒன்லி."

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அப்போது அந்த அம்மா தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கொரியாக்காரி மொழிபெயர்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அம்மா மறுபடி சொன்னார். அவள் தோழியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என்னய வேற ரூமுக்கு மாத்தச் சொல்றாங்க. இங்கிலீசு நல்லாப் பேசுற புள்ளகூட உக்கார வைக்கணுமாம்ங்க."

"எங்கூட வேணாமாமா?"

"ஆமாங்க."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. அந்த நேரத்தில் மன்னவனூர்க்காரி எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று மகிழ்கிறார் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"மேடம், ஹெர் மதர் சே, நாட் சிட் வித் மீ. சிட் வித் குட் இங்கிலீஷ் கேர்ள்." காலணியைப் பார்த்தாள். "மதர் இஸ் கரெக்ட் மேடம். மை இங்கிலீஷ் இஸ் நாட் குட். பட் ஐ ஆல்சோ லேர்னிங்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அம்மா மகளிடம் ஏதோ கேட்டார், என்ன சொன்னாள் இந்தப் பெண் என்பது போல. மகள் பதில் சொல்லத் தொடங்கினாள். மடமடவென்று, மூச்சு வாங்க, கையை ஆட்டிக்கொண்டு. முழுக்கக் கொரிய மொழி. நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது: 'பூண்டு'. அதற்கு அவர்கள் மொழியில் வேறு சொல் இருக்கும்தான். அவளுக்கு வாயில் வந்தது இதுதான்.

அந்த அம்மா மன்னவனூர்க்காரியை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"பூண்டு?" என்று அவரே கேட்டார்.

"ஆமாங்க. எங்க தோட்டத்துப் பூண்டுங்க." உடனே சுதாரித்து ஆங்கிலத்துக்கு மாறினாள். "மை ஃபாதர் இஸ் ஹேவிங் மெனி மெனி கார்லிக்ஸ்."

நான் எத்தனையோ பொறுத்துக்கொண்டு நின்றிருந்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, என்னை அறியாமலே, "கார்லிக்! 'எஸ்' கிடையாது!" என்று சொல்லிவிட்டேன்.

நான்கு தலைகள் திரும்பின. மேடம் ஒரு விரலை உயர்த்தினார். வேறெதுவும் செய்யவில்லை. நான் ஈரச் சேலையோடு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் பத்து வாக்கியங்கள் பைக்குள் ஊறிக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் பேச்சு பூண்டு பற்றித்தான் போனது. எந்த மாதம் நடுவார்கள், எப்படிப் புகை போட்டு வைப்பார்கள், சென்னைக்கு எடுத்துப் போனால் எத்தனை நாள் தாங்கும். இரண்டு பிள்ளைகளும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவசரத்தில் கொரியாக்காரியே நேராக மேடத்திடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கே தெரியாமல். கடைசியில் மேடம் முடிவைச் சொன்னார்: இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கட்டும், சாப்பாட்டு மேசையில் மட்டும் வேறு வேறு பிள்ளைகளோடு உட்காரட்டும். அந்த அம்மா தலையசைத்தார். மறுநாள் அவர் காரில் ஒரு சாக்குப் பூண்டு ஏறியது. சென்னை வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்தே ஓட்டியதாக டிரைவர் பிறகு பள்ளி வாட்ச்மேனிடம் புலம்பினாராம்.

அன்று மதியம் மன்னவனூர்க்காரியை நூலகப் படிக்கட்டில் பிடித்தேன்.

"இவ்வளவு இங்கிலீஷ் இருக்கே, இத்தன நாளா ஏன் எங்கிட்டப் பேசல?"

"கோவிச்சுக்க மாட்டீங்களே மிஸ்?"

"சொல்லு."

"மொத நாளே பேசுனேன் மிஸ். ஐ அம் கமிங் ப்ரம் மன்னவனூர்னு சொன்னேன். 'ஐ அம் கமிங்' இல்ல, 'ஐ கம்'னு சொல்லுன்னீங்க. சொன்னேன். 'ப்ரம்' இல்ல, உதட்டக் கடிச்சு 'ஃப்ரம்'னு சொல்லுன்னீங்க. சொன்னேன். அப்புறம் நிமிந்து நின்னு மொதல்லருந்து சொல்லுன்னீங்க." அவள் சிரித்தாள். "அன்னைக்கி நான் எங்க ஊருக்குப் போயிச் சேரவே இல்ல மிஸ்."

நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே எனக்கு நினைவில்லை. எனக்கு அது ஒரு நிமிட வேலை. ஒவ்வொரு நாளும் அதுபோல் நூறு நிமிட வேலை செய்கிறவள் நான். பழனியில் என் வகுப்பில் வாயைத் திறக்காமலே பத்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். அவர்களையெல்லாம் அடக்கமான பிள்ளைகள் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவள் பேசும்போது அவள் முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. முடித்த பிறகும் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குப் பிறகும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், ஒரே ஒரு பிழை. ஒன்றுதான். எந்த ஒன்று என்று தேர்ந்தெடுப்பது எனக்குப் பெரிய தலைவலி. நகைக்கடையில் ஒரே ஒரு தோடு எடுத்துக்கொள் என்று விட்டது போல. கொரியாக்காரி எதிரில் உட்கார்ந்து என் பத்தை விரல் விட்டு எண்ணுவாள். நான் ஏழில் வாயைத் திறந்தால், "இன்னும் மூணு இருக்குங்க மிஸ்" என்பாள்.

இப்போது இரண்டு பேரும் எட்டாம் வகுப்பு. கொரியாக்காரி சென்ற வருடக் கடைசியிலேயே என் துணை தேவையில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் திடீரென்று திறந்துகொண்டது, அதனால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 'ஏலே'யை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பது மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மன்னவனூர்க்காரிக்கு எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. வாரத்தில் இரண்டு பாடவேளை என்னிடம் வருகிறாள். பேச்சு வேறு கதை. வகுப்பில் அவளை அமைதிப்படுத்த வேண்டியிருக்கிறது என்று வரலாற்று ஆசிரியர் என்னிடம் புகார் சொன்னார். அந்தப் புகாரை நான் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மேடம் இந்த வருடம் தமிழ் படிப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் புது நோட்டு வாங்கிப் பாடத்திட்டமே போட்டுவிட்டேன். அவரோ கொரியாக்காரியை ஆசிரியையாக வைத்துக்கொண்டார். நான் இங்கே இருக்கிறேனே மேடம் என்று கொஞ்சம் மனத்தாங்கலோடு கேட்டேன்.

"நீங்கள் திருத்துவீர்கள்," என்று ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னார்.

வியாழக்கிழமைகளில் என் அறையில்தான் வகுப்பு. அந்த அரை மணி நேரம் நான் வெளியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நூலகத்தில் போய் நிற்பேன். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்கும். சென்ற வாரம் மேடம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நேத்து... நான்... சந்தைக்கு... போவேன்."

கொரியாக்காரி திருத்தவில்லை. "அப்புறம் என்ன வாங்குனீங்க?" என்று கேட்டாள். மேடம் உற்சாகமாகத் தொடர்ந்தார்.

எதற்கு அந்தப் புத்தக அலமாரியை இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நூலகர் கேட்டார். ஒன்றுமில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.